வெளுத்த ஜீன்ஸைக் கறுப்பாக்க: மொரீஷியஸின் கியூர்பிப் குளிருக்கும் சேர்த்து

சாயம் ஏற்றுவது பெயின்ட் அடிப்பது போலல்ல. ஏற்கெனவே இருக்கிற நிறத்தின் மேல்தான் சாயம் சேரும். வெளுத்துப்போன முழங்காலும் தொடையும் கறுத்தபிறகும் ஒரு படி வெளிறியே தெரியும். வித்தியாசம் குறையும், அடியோடு மறையாது. அது போதும் என்பவர்கள் மட்டும் வாளியை எடுங்கள்.

முதலில் லேபிள். பருத்தி 98, எலாஸ்டேன் (இழுபடும் இழை) 2 என்றால் கவலையில்லை. பாலியெஸ்டர் 30 சதவீதம் என்றால் அந்த இழைகளில் பருத்திக்கான சாயம் ஒட்டாது, சாம்பல் நிறம்தான் மிஞ்சும். கத்ர் போர்ன் சந்தையில் வாங்கியதில் லேபிள் இல்லையென்றால், துணியின் ஓரத்தில் ஒரு இழையை உருவி எரித்துப் பாருங்கள். பொடியாக உதிர்ந்தால் பருத்தி, உருகி மணியாகத் திரண்டால் பாலியெஸ்டர். தையல் நூல் பெரும்பாலும் பாலியெஸ்டர் என்பதால் ஆரஞ்சுத் தையல் அப்படியே நிற்கும். கறுப்பின் மேல் அது எடுப்பாகவே இருக்கும்.

பருத்திக்கு, இழையோடு வேதிவினை புரிந்து பிணையும் ரியாக்டிவ் சாயம்தான் சரி. கொதிக்க வைத்து ஏற்றும் பொதுச் சாயம் ஒவ்வொரு சலவையிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும். காய்ந்த ஜீன்ஸ் 700 கிராம் என்றால் கறுப்புச் சாயத்தூள் 50 கிராம், தண்ணீர் 12 லிட்டர், உப்பு 600 கிராம், வாஷிங் சோடா 120 கிராம். சோடா தூளாக இல்லாமல் படிகமாக இருந்தால் பாதிக்கு மேல் தண்ணீர்தான், 320 கிராம் போட வேண்டும். சமையல் சோடாவுக்கு அந்தக் காரம் கிடையாது. (சுற்றிலும் கடல் இருக்கிறதே என்று கடல்நீரை மொண்டு வராதீர்கள். அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோடாவோடு சேர்ந்து வெள்ளையாகத் திரிந்துவிடும்.) நீலத்தின் மேல் கறுப்பு ஏறினால் நீலம் பாய்ந்தே தெரியும். 5 கிராம் பழுப்புச் சாயம் கலந்தால் அது தணியும்.

ஜீன்ஸை முந்தின நாளே சூடான தண்ணீரில் சோப்புத்தூள் போட்டுத் துவைத்து ஈரமாகவே வையுங்கள். துணி மென்மையாக்கி ஒரு சொட்டுகூட வேண்டாம், அது இருக்கிற இடம் திட்டாகிவிடும். சாயத்தூள் மூச்சில் போகக்கூடாது, ஆகவே முகக்கவசமும் கையுறையும் கட்டாயம். தூளைக் கொஞ்சம் வெதுவெதுப்பான நீரில் குழைத்து, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். கரையாத ஒரு துகள் போதும், துணியில் கறும்புள்ளி விழ.

பிளாஸ்டிக் வாளியோ எவர்சில்வரோ எடுங்கள். அலுமினியத்தைச் சோடா அரிக்கும். அதில் தண்ணீரையும் வடிகட்டிய சாயத்தையும் ஊற்றி, ஜீன்ஸைப் போட்டு உப்பை மூன்று தடவையாகச் சேர்த்து 20 நிமிடம் விடாமல் புரட்டுங்கள். பிறகு துணியை ஒதுக்கி, தனியே கரைத்த சோடாவை ஊற்றி, இன்னும் ஒரு மணி நேரம். மடிப்பு அசையாமல் கிடந்தால் அங்கே கோடு விழும்.

சூடு முக்கியம். போர்ட் லூயியில் கோடைக்காலத்தில் குழாய்த் தண்ணீரே போதும். மேட்டு நிலமான கியூர்பிப், வாக்வா பக்கம் குளிர்காலமான ஜூலை, ஆகஸ்டில் அப்படி விட்டால் சாயம் சரியாகப் பிடிக்காது. 40 டிகிரியில் தொடங்குங்கள், வாளியைப் போர்வையால் சுற்றுங்கள், நேரத்தையும் கூட்டுங்கள். சோடா விழுந்தபின் சாயம் தண்ணீரோடும் வினைபுரிந்து வீணாகும், மறுநாள் அதே தண்ணீரில் இன்னொரு ஜீன்ஸ் போடுவதில் பயனில்லை.

கழுவுவதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். உப்பு போகும்வரை குளிர்ந்த நீரில் அலசி, பிறகு 70 டிகிரிச் சூட்டில் சோப்போடு இரண்டு முறை ஊறவைத்துக் கழுவுங்கள். ஒட்டாத சாயம் சூட்டில்தான் கழன்று வரும். ஈர வெள்ளைத்துணியால் தேய்த்துப் பாருங்கள். கறுப்பு வந்தால் இன்னொரு சுற்று கழுவ வேண்டும், லேசான நீலம் வந்தால் அது ஜீன்ஸின் பழைய நீலச் சாயமான இண்டிகோ. உள்பக்கம் வெளியே திருப்பி நிழலில் உலர்த்துங்கள். சாயத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றாதீர்கள், அவ்வளவு உப்பையும் சோடாவையும் கறிவேப்பிலை தாங்காது.