பெரியம்மாவுக்கு ஓர் அறை

மதுரையிலிருந்து பெரியம்மாவும் பெரியப்பாவும் சிங்கப்பூருக்கு வருவதாகச் சொன்னபோது, எங்கள் மூவறை வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இடம் போதாது என்பதால் ஹோட்டல் தேடினேன். யாருடைய வீட்டையாவது நான்கு நாள்களுக்கு வாடகைக்கு எடுக்கலாமே என்றார் பெரியப்பா. தனியார் வீடுகளையே குறைந்தது 3 மாதங்களுக்குத்தான் வாடகைக்கு விடலாம் என்பது இங்குள்ள விதி.

2003-இல் திறக்கப்பட்ட ஃபேரர் பார்க் எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து ஸ்ரீ ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயிலுக்கு நடந்தே போய்விடலாம் என்பதால், அந்த வட்டாரத்திலேயே பார்த்தேன். முதல் அறையில் சன்னல் இல்லை. அடுத்த அறைக்குத் திறக்கும் இணைப்புக் கதவின் அடியில் இருந்த விரற்கடை இடைவெளி வழியே, அங்கிருந்தவர் கைப்பேசியில் பேசியதெல்லாம் தெளிவாகக் கேட்டது. (முழுவதும் வட்டிக்கணக்கு.)

இரண்டாவது ஹோட்டலில் அறை அட்டையைக் காட்டினால்தான் மின்தூக்கி நகரும். அந்நியர் மேலே வர முடியாது என்பது நிம்மதிதான், ஆனால் காலையில் இட்லித் தூக்குடன் போகும் நான் ஒவ்வொரு முறையும் கீழேயே காத்திருக்க வேண்டுமா? வரவேற்பு முகப்பில் கேட்டேன். என் பெயரைப் பதிந்துகொண்டு இரவு 10 மணி வரை அனுமதிப்பதாகவும், தங்குவோரின் அறை எண்ணை யார் கேட்டாலும் சொல்வதில்லை என்றும் அங்கிருந்த பெண் விளக்கினார். அந்த இரண்டாவது பதிலுக்காகவே உடனே முன்பதிவு செய்தேன். சன்னலுக்காகக் கூடுதலாகக் கொடுத்த தொகையைப் பெரியம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.