புரட்டாசியில் வந்த வெள்ளி விழா

எங்கள் பேட்ச்சில் சிங்கப்பூரில் இருப்பது நான் ஒருத்தன்தான் என்பது என் ஜாதகக் கோளாறு. இன்னொருத்தன் இருந்திருந்தால் அவன் தலையில் கட்டிவிட்டு நான் உடம்பு சரியில்லை என்று படுத்திருப்பேன். வெள்ளி விழாச் சந்திப்பை எங்கே வைப்பது என்று வாட்ஸ்அப் குழுவில் மாதக்கணக்கில் அடித்துக்கொண்டார்கள். காலேஜிலேயே வைக்கலாம் என்றால் மெஸ் இருந்த இடத்தில் இப்போது எம்பிஏ கட்டடமாம், பார்த்தால் மனசு தாங்காதாம். ஏற்காடு என்றால் வீசிங் இருக்கிறவன் வரமாட்டானாம். கோவா என்றதும் பல வீடுகளில் விசாரணைக் கமிஷனே வைத்துவிட்டார்கள். கடைசியில் எவனோ ஒருத்தன் "ஊசி சிங்கப்பூர்லதானே இருக்கான்" என்று ஒரு வரி போட்டான், பத்து நிமிஷத்தில் நாற்பது கட்டைவிரல். ஊசி நான்தான். சிரிக்க வேண்டாம், அப்போது ஒல்லியாக இருந்தேன்.

அந்த நாற்பது விரல், டிக்கெட் போடும்போது ஒன்பது பேராகச் சுருங்கியது. "ஒன்பது பேருக்கும் ஷுகர் இருக்குமே, என்னத்தைச் சமைக்கறது?" என்றாள் எங்கள் வீட்டம்மா. ஏழு பேருக்கு இருந்தது. மீதி இரண்டு பேர் இன்னும் டெஸ்ட் எடுக்கவில்லை.

தேதி குறித்தது ரேங்க். அவன் அன்றைக்கும் ரேங்க், இன்றைக்கும் ரேங்க், பெண்டாட்டி பிள்ளைகளையே எக்செல் ஷீட்டில் வைத்திருப்பானோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு. எந்த வாரம் டிக்கெட் மலிவு, எந்த வாரம் யார் பிள்ளைக்குப் பரீட்சை இல்லை என்று எல்லாவற்றையும் கலர் கலராகப் போட்டு ஒரு வார இறுதியைப் பிடித்தான். நாள்காட்டியை மட்டும் புரட்டவில்லை. வந்து இறங்கினால் மறுநாள் புரட்டாசி சனிக்கிழமை. நானோ அவர்கள் கேட்டபடியே ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கில் பார்பெக்யூ அடுப்பு ஒன்றைப் பதிவு செய்து, கேலாங் சிராயில் நூற்றைம்பது குச்சி சாத்தேவுக்கு (குச்சியில் கோத்துச் சுட்ட கறி) முன்பணம் கட்டி வைத்திருந்தேன்.

கிளம்புவதற்கு முன்னால் எல்லாருக்கும் நீளமாக ஒரு செய்தி அனுப்பியிருந்தேன். சிகரெட்டுக்கு இங்கே சலுகை ஒரு குச்சிக்குக்கூடக் கிடையாது, கொண்டுவந்தால் வரி கட்டணும். சூயிங் கம் 1992-லிருந்தே தடை. வாயில் அதக்குகிற பாக்கெட் எதையும் கண்ணிலேயே காட்டாதீர்கள். மதுபானம் மட்டும் ஆளுக்கு 2 லிட்டர் வரைக்கும் வரியில்லாமல் விடுவார்கள். இத்தனையில் அவர்கள் மனப்பாடம் செய்தது கடைசி வரியை மட்டும்தான். ஒன்பது பேரும் சொல்லி வைத்த மாதிரி ஆளுக்கு 2 லிட்டரோடு வந்து இறங்கினார்கள். அப்புறம் ஒருத்தன் பிபி மாத்திரை, ஒருத்தன் ஈரல் ரிப்போர்ட், ஒருத்தன் மாலை போட்டிருக்கிறான். திறந்தது ஒரே ஒரு பாட்டில், அதிலும் பாதி அப்படியே இருக்கிறது. மீதியெல்லாம் எங்கள் வீட்டு பாம் ஷெல்டரில் (குண்டு விழுந்தால் பதுங்கக் கட்டிய அறை, நாங்கள் சாமான் போட்டு வைத்திருக்கிறோம்) அரிசி மூட்டைக்குப் பின்னால் வரிசையாக நிற்கிறது. மாமியார் அடுத்த வாரம் வருகிறார். யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்.

வெள்ளிக்கிழமை மதியம் முதலில் வந்தவர்களை லாவ் பா சாட் உணவங்காடிக்கு அழைத்துப் போனேன். சிவில் படித்தவனை அங்கே கூட்டிப்போகக் கூடாது. 1894-இல் கட்டியது, இரும்பெல்லாம் கிளாஸ்கோவில் வார்த்துக் கொண்டுவந்தது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன், அவன் ஒவ்வொரு தூணாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே போய்விட்டான், நான் இரண்டு கையிலும் தட்டை வைத்துக்கொண்டு அவன் பின்னாலேயே அலைகிறேன். அந்த இடைவெளியில் நம் தாத்தா (பத்தொன்பது வயதிலேயே தலை நரைத்தவன், வேறு காரணம் இல்லை) மேசை மேசையாகப் போய் அங்கே இருந்த டிஷ்யூ பாக்கெட்டுகளை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டிருக்கிறான். "என்ன ஊருடா இது, ஒவ்வொரு டேபிள்லயும் ஃப்ரீயா டிஷ்யூ வெச்சிருக்கான்!" என்று ஒரு பாக்கெட்டைப் பிரித்து முகத்தையும் துடைத்தாகிவிட்டது. இடம் பிடிக்க வைத்துவிட்டுப் போன ஆபீஸ் பெண்கள் நான்கு பேர், கையில் சூப்போடு திரும்பி வந்து, தங்கள் மேசையில் எங்கள் கூட்டம் உட்கார்ந்திருப்பதைப் பார்த்த பார்வை இருக்கிறதே. அதில் ஒரு பெண் தாத்தாவின் பையில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த தன் பூனைக்குட்டி படம் போட்ட பாக்கெட்டை அடையாளம் கண்டுவிட்டாள். அவன் எழுந்து நின்று, இரண்டு கையாலும் பிரசாதம் கொடுப்பது போல் திருப்பிக் கொடுத்தான். அதில் பாதிதான் இருந்தது.

சிங்கத் தலையும் மீன் உடம்புமாக நிற்கிற மெர்லயன் சிலையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. 1972-இல் வைத்தது, 8.6 மீட்டர் உயரம், எல்லாரும் சொல்வதையே அவர்களும் சொன்னார்கள், "இவ்ளோதானா? எங்க ஊர் ஐயனார் குதிரை இதைவிடப் பெருசுடா." செந்தோசாவில் இருந்த 37 மீட்டர்காரனை 2019-லேயே மூடி, இடித்துவிட்டார்கள் என்றதற்கு என்னை ஏதோ ஏமாற்றுப் பேர்வழி மாதிரி பார்த்தார்கள்.

ஹோட்டலில் நடந்ததைச் சொல்ல வேண்டும். சிராங்கூன் ரோடு பக்கம் அறை போட்டிருந்தது. தீபாவளி விளக்கெல்லாம் எரிகிறது, வரவேற்பறையில் பெட்டிகளோடு கும்பலாக நிற்கிறோம். அங்கிருந்த சீனப் பெண் தாத்தாவின் பாஸ்போர்ட்டைப் பார்த்து, குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இருந்த அவன் அப்பா பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டாள், முன்னால் ஒரு மிஸ்டரும் போட்டு. அவ்வளவுதான். ஐம்பதை நெருங்குகிற ஒன்பது தடிமாடுகள் தரையில் உட்கார்ந்து சிரிக்கிறார்கள். ஹாஸ்டலில் இருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒருத்தனை அவன் அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதில் இருந்த சுகம் வேறு எதிலும் இருந்ததில்லை. அந்தப் பெயரை இங்கே எழுதினால் என்னைக் கொன்றுவிடுவான், நல்ல கம்பீரமான பழைய காலத்துப் பெயர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். இரண்டாம் வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குளியலறையிலிருந்து ரேங்க் சோப்பு கேட்டு அந்தப் பெயரை டா போட்டுக் கத்த, தாழ்வாரத்தில் கையில் மணப்பாறை முறுக்கு டின்னோடு வந்து நின்றிருந்த அவன் அப்பாவே "வந்துட்டேன் தம்பி" என்று சோப்பைத் தேடி எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினார். அந்தக் கதையை லிஃப்டில் மறுபடி சொல்லி மறுபடி சிரித்தோம். தாத்தாவும் சிரித்தான்.

சனிக்கிழமை காலையில் என் நிகழ்ச்சி நிரல் மொத்தமும் குப்பைக்குப் போனது. புரட்டாசி சனிக்கு சிராங்கூன் ரோட்டில் தங்கிவிட்டுப் பெருமாள் கோயிலுக்குப் போகாமல் வந்தால் வீட்டில் சேர்க்க மாட்டார்களாம். 1855-லிருந்து இருக்கிற கோயில், இந்த மாதத்துச் சனிக்கிழமை என்றால் கூட்டம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வரிசையில் நின்ற நேரத்தில்தான் எங்கள் உண்மையான வெள்ளி விழாவே நடந்தது என்று நினைக்கிறேன். யார் யாருக்கு எந்த மாத்திரை, எவன் மகன் நீட் எழுதப் போகிறான், யாருக்கு ஸ்டென்ட். கடவுள் இல்லை என்று அன்றைக்கு மெஸ் சுவரில் எழுதிய தோழர், அன்னதானத்துக்கு மட்டும் வருகிறேன் என்று வந்து சாம்பார் இரண்டு தடவை வாங்கினார். சாயந்திரம் சாத்தே சாப்பிடுவீர்களா தோழர் என்றதற்கு, கொள்கைப்படி ஆட்சேபணை இல்லை, ஆனால் அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாராம்.

ஆக, நூற்றைம்பது குச்சிக்கு ஒரே ஒரு நாகர்கோவில்காரன். தனி ஆளாக முடிந்தவரை போராடினான்.

அதற்கு முன்னால் நெருப்பு மூட்ட வேண்டுமே. மெக்கானிக்கல் நான்கு பேர், கெமிக்கல் ஒருத்தன், காற்று எந்தப் பக்கம் வர வேண்டும் என்று முக்கால் மணி நேரம் விவாதம், கரி அப்படியே கறுப்பாகக் கிடக்கிறது. பக்கத்து அடுப்பில் பேரப்பிள்ளைகளோடு வந்திருந்த ஒரு மாக்சிக் (மலாய்க்கார அம்மா), பொறுக்க முடியாமல் எழுந்து வந்து, எதையோ இரண்டு துண்டு உள்ளே சொருகி, ஒரு அட்டையால் நான்கு விசிறு விசிறினார். பிடித்துக்கொண்டது. என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று வேறு கேட்டார். யாரும் எஞ்சினியர் என்று சொல்லவில்லை. சாத்தே மொத்தமும் மாக்சிக் குடும்பத்துக்குப் போனது, அங்கிருந்து சோளக்கதிரும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் எங்களுக்கு வந்தன.

இரவு 10.30-க்கு மேல் பொது இடத்தில் குடிக்கக் கூடாது என்று 2015-லிருந்து இங்கே சட்டம். ஒன்பதரைக்கே எங்கள் ஆட்கள் கொட்டாவி விட ஆரம்பித்துவிட்டதால் சட்டத்துக்கு வேலை வரவில்லை. அப்போதுதான் தாத்தா, கடலில் நிற்கிற கப்பல் விளக்குகளைப் பார்த்துக்கொண்டே, "அப்பா போனதுக்கப்புறம் அந்தப் பேரை யாரும் சத்தமாக் கூப்பிடலடா. பேங்க்ல, ஆஸ்பத்திரில எல்லாம் லேட் போட்டுத்தான் எழுதறான். நேத்துதான் கேட்டேன். இன்னொரு தடவை கூப்பிடுங்கடா" என்றான். என்ன சொல்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கரியைக் கிளறிக்கொண்டிருந்தோம். அப்புறம் ரேங்க்தான் ஆரம்பித்தான், அதே குளியலறைக் குரல், அதே டா. அடுத்து எல்லாரும். ஈஸ்ட் கோஸ்ட் முழுக்கக் கேட்டிருக்கும்.

மாக்சிக் டார்ச் லைட்டோடு ஓடி வந்துவிட்டார். குழந்தை எதுவும் காணாமல் போய்விட்டதா, என்ன நிறச் சட்டை போட்டிருந்தது என்று கேட்கிறார். அவர் பேரன் இரண்டு பேர் அதற்குள் கடல் பக்கம் தேடக் கிளம்பியாகிவிட்டது. யாரும் காணாமல் போகவில்லை என்று அவருக்குப் புரிய வைப்பதற்குள் தாத்தாவுக்குச் சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரிப்பில்தான்.

இன்று காலையில் ரேங்க் கணக்கு அனுப்பியிருக்கிறான். எக்செல்தான். அடுப்பு, சாத்தே, டாக்ஸி, ஏர்போர்ட் ஜூவலில் குடித்த காப்பி எல்லாம் பத்துப் பங்கு. போட்டது கழித்தது போக, ஊசி தர வேண்டிய பாக்கி 11 வெள்ளி 60 காசாம். நான் எடுத்த விடுமுறை எந்தக் கட்டத்திலும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஒன்பது பேருக்கு மூன்று வேளை பொங்கிப் போட்டாளே எங்கள் வீட்டம்மா, அதுவும் இல்லை. அவள் போனை வாங்கி மேலிருந்து கீழே வரை படித்துவிட்டு, "குடுத்துடுங்க, அப்படியே பாம் ஷெல்டர்ல இருக்கறதுக்கு வாடகை போட்டு நம்ம கணக்கையும் அனுப்புங்க" என்றாள். அனுப்பிவிட்டேன். இரண்டு நீல டிக் வந்திருக்கிறது, பதில் வரவில்லை. அதே குழுவில் அடுத்த சந்திப்பு துபாயில் என்று பேச்சு ஓடுகிறது, அங்கேயும் ஒருத்தன்தான் இருக்கிறான், பாவம், நானும் ஒரு கட்டைவிரல் போட்டிருக்கிறேன்.