இது கேள்வியா, கருத்தா?

கடைக்குச் சொந்தமாக இருந்தவை 24 மடக்கு நாற்காலிகள். அதற்கு மேல் வேண்டுமென்றால் இரண்டு கட்டிடம் தள்ளியிருந்த சர்ச்சில் இரவல் வாங்குவோம். ஞாயிறு ஆராதனைக்கு முன்னால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். நிகழ்ச்சி நாளில் சாயங்காலம் ஐந்து மணிக்கு, "எத்தனை நாற்காலி போடலாம்?" என்று முதலாளியம்மா கேட்பார். நான் கம்ப்யூட்டரைப் பார்த்து, "80 பேர் வர்றதா பதிவு பண்ணியிருக்காங்க" என்பேன். "அப்போ 35 போடு" என்பார். அநேகமாக அவர் கணக்குதான் சரியாக வரும்.

அமெரிக்காவில், மேற்கு ஃபிலடெல்ஃபியாவில் ஒரு கறுப்பினப் பெண்மணி நடத்திய சிறிய புத்தகக் கடை அது. கணவரோடு எச்-4 என்ற சார்பு விசாவில் போய் இரண்டு வருஷம் வீட்டில் உட்கார்ந்திருந்த எனக்கு, வேலை அனுமதி அட்டை கைக்கு வந்ததும் கிடைத்த முதல் வேலை. கல்லாவில் நிற்பது, புத்தகம் அடுக்குவது, எழுத்தாளர் சந்திப்புகளுக்கு ஏற்பாடு செய்வது. மதுரையில் ஒரு கல்லூரி நூலகத்தில் நாலு வருஷம் இருந்ததால் புத்தகம் அடுக்க வரும். கூட்டம் நடத்தவும் வரும் என்றுதான் நினைத்திருந்தேன். நம்மூரில் பார்க்காத வெளியீட்டு விழாவா? பொன்னாடை, முதல் பிரதி, "நேரமின்மை கருதி" என்று ஆரம்பித்து முக்கால் மணி நேரம் நீளும் வாழ்த்துரை.

அங்கே கூட்டம் தண்ணீரில் தொடங்கும். வந்தவர்களில் மூத்தவர் எழுந்து, ஒரு செம்பு அளவு தண்ணீரை ஜன்னலோரப் பூந்தொட்டியில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றியபடி முன்னோர் பெயர்களைச் சொல்வார். ஒவ்வொரு பெயருக்கும் எல்லோரும் "ஆஷே" (அப்படியே ஆகட்டும்) என்பார்கள். அப்பா அமாவாசைக்கு எள்ளும் தண்ணீரும் இறைப்பது நினைவுக்கு வரும். முதலாளியம்மா ஊற்றும் நாட்களில் டேவிட் ரகிள்ஸ் பெயர் தவறாமல் வரும். 1834-இல் நியூயார்க்கில் புத்தகக் கடை வைத்த கறுப்பினத்தவர். மறு வருஷமே ஒரு கும்பல் அந்தக் கடையைக் கொளுத்தியது. "நம்ம தொழில்ல மூத்தவர்" என்பார். அந்தத் தொட்டிச் செடிக்கு வேறு யாரும் தண்ணீர் ஊற்றி நான் பார்த்ததில்லை. கூட்டம் குறைந்த மாதங்களில் வாடும்.

பணக் கணக்கையும் சொல்லிவிட வேண்டும். இலக்கியக் கூட்டத்தால் கடை வாழ்கிறது என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். 28 டாலர் கெட்டி அட்டைப் புத்தகத்தில் கடைக்கு நிற்பது 40 சதவீதம், கூடப் போனால் அதற்குக் கொஞ்சம் மேலே. 40 பிரதி வரவழைத்து 11 விற்றால், மீதியைப் பெட்டி கட்டிப் பதிப்பகத்துக்குத் திருப்பி அனுப்பும் செலவு நம்முடையது. அதனால்தான் எழுத்தாளர் கிளம்புவதற்குள் மிச்சப் பிரதிகளிலும் கையெழுத்து வாங்க ஓடுவோம். கையெழுத்துப் போட்ட புத்தகம் விற்ற புத்தகம் என்பது அந்த வியாபாரத்தில் எல்லோரும் சொல்வது.

பிப்ரவரி, அதாவது கறுப்பின வரலாற்று மாதம் வந்தால் போன் ஓயாது. மற்ற பதினொரு மாதமும் கடை இருந்த திசை தெரியாத அலுவலகங்கள் எல்லாம், "எங்களுக்கு ஒரு பேச்சாளர் வேணும், அடுத்த வாரம்" என்று கேட்கும். அதில் எனக்கு வந்த எரிச்சல் முதலாளியம்மாவுக்கு வந்ததில்லை. மார்ச் மாத வாடகை அதில்தான் வரும்.

கூட்டம் சேர்வது எழுத்தாளரின் புகழைப் பொறுத்ததும் இல்லை. தொலைக்காட்சியில் வரும் பேராசிரியருக்கு 19 பேர் வந்திருக்கிறார்கள். பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற ஒருவர் தன் வாழ்க்கையைச் சொந்தச் செலவில் அச்சிட்டுக் கொண்டுவந்தார். விற்றால் அவருக்கு 60, கடைக்கு 40 என்ற கணக்கில் எடுத்தோம். அவருக்காக வந்தது ஒரு சர்ச்சின் பாடகர் குழு முழுவதும், அவரோடு அந்த வழித்தடத்தில் ஓட்டியவர்கள், ஏழெட்டு மருமகப்பிள்ளைகள். புத்தகம் தீர்ந்து ரசீதில் பெயர் எழுதிக்கொடுத்தோம். கூட்டம் குறைந்தால் முதலாளியம்மா ஒபாமா கதையைச் சொல்வார். லாஸ் ஏஞ்சலஸில் எஸோ வான் என்று ஒரு கறுப்பினப் புத்தகக் கடை இருந்தது. 2022 கடைசியில் மூடிவிட்டார்கள். 1995-இல் அங்கே தன் முதல் புத்தகத்தோடு பேச வந்த ஒல்லியான இளைஞருக்குக் கூடியது பத்துப் பேர் அளவில்தான். எங்களிடம் வந்து இருக்கைகளை எண்ணி முகம் வாடிய எழுத்தாளர்கள் அத்தனை பேருக்கும் இந்தக் கதை சொல்லப்பட்டிருக்கிறது. எனக்கே மனப்பாடம்.

சேர்ந்த புதிதில் வாசலில் ஒரு நோட்டு வைத்தேன்: பெயர், மின்னஞ்சல், போன் நம்பர். அடுத்த நிகழ்ச்சிக்கு அழைப்பு அனுப்பலாமே என்றுதான். இளைஞர்கள் எழுதினார்கள். எழுபதைத் தாண்டிய பெரியவர் ஒருவர், எல்லாக் கூட்டத்துக்கும் வருபவர், நோட்டைப் பார்த்தார், பேனாவைப் பார்த்தார், என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தார். மூன்று கூட்டம் இப்படியே போனது. கண் தெரியவில்லையோ என்று நினைத்து, "நான் எழுதட்டுமா சார்?" என்று கேட்டேன். "வேண்டாம் பேபி. நான் எங்க உட்காருவேன்னு உங்களுக்குத் தெரியுமே" என்றார்.

காரணத்தை முதலாளியம்மா பிறகு சொன்னார். 1968 அக்டோபரில் எஃப்.பி.ஐ. தலைவர் ஹூவர் நாடெங்கும் உள்ள தன் அலுவலகங்களுக்கு ஓர் உத்தரவு அனுப்பினார். அவரவர் வட்டாரத்தில் இருக்கும் கறுப்பினப் புத்தகக் கடைகளைக் கண்டுபிடித்து ஓசைப்படாமல் விசாரிக்க வேண்டும்: உரிமையாளர் யார், என்ன புத்தகம் விற்கிறது, வாடிக்கையாளர்கள் யார், கூட்டம் நடக்கும் இடமாக இருக்கிறதா. எங்கள் நகரத்திலேயே 1959-இல் தொடங்கி இன்றும் நடக்கும், 52-ஆம் தெருவின் ஹக்கீம்ஸ் கடையும் அந்தக் கண்ணுக்குத் தப்பவில்லை. வாசலில் வரிசையாகப் பெயர் எழுதி வாங்கும் நோட்டு அந்தத் தலைமுறைக்கு எப்படித் தெரிந்திருக்கும்! நோட்டை எடுத்துக் கல்லாவுக்கு அருகில் வைத்தேன். எழுத விரும்புகிறவர்கள் கேட்டு எழுதட்டும்.

2020-ஐப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். மே கடைசியில் மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் போலீஸ் கையில் கொல்லப்பட்ட பின், ஒரு மாதம் தூங்காமல் ஆர்டர் எடுத்தோம். நாடு முழுக்க எல்லோருக்கும் இனவெறி பற்றிய அதே பத்துப் புத்தகம் வேண்டியிருந்தது, பதிப்பகங்களிடமே இருப்பு இல்லை. "இன்னும் ஏன் வரலை?" என்று காட்டமாக எழுதியவர்களில் சிலருடைய புத்தகங்கள் கிறிஸ்துமஸ் வரை எடுப்பாரின்றிக் கிடந்தன. எனக்கு அதைவிட நினைவில் நிற்பது ஜூம் கூட்டங்கள். கடையில் எழுத்தாளர் பேசும்போது சபை சும்மா இருக்காது. "ம்ம்ம்", "சொல்லுங்க", "அதானே" என்று சர்ச்சில் பழகிய பழக்கம். கதை கேட்கும்போது பாட்டிக்கு உம் கொட்டுவோமே, அதேதான். திரையில் 300 பேர் இருந்தார்கள். எல்லோர் வாயும் மியூட்டில். ஒரு கவிஞர் நடுவில் நிறுத்தி, "யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டார்.

அதற்கு முந்தின வருஷம், மே மாதம் நடந்த ஒன்றைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அன்று பேச வந்தவர் நகரத்தில் வீடுகளும் தெருக்களும் எப்படிக் கைமாறின என்று எழுதியவர். சர்ச் நாற்காலியும் சேர்த்து 50 போட்டு, நிரம்பிவிட்டது. கேள்வி நேரம் 20 நிமிடம் என்று நான்தான் நிகழ்ச்சி நிரலில் அடித்திருந்தேன். மைக்கும் என் கையில். கேள்வி என்று எழுந்து சொற்பொழிவு ஆற்றுகிறவர்களை நம்மூரில் எவ்வளவு பார்த்திருக்கிறேன்! "இது கேள்வியா, கருத்தா?" என்று கேட்டு உட்கார வைப்பதில் எனக்கொரு பெருமை உண்டு.

இரண்டாம் வரிசையில் ஊதாத் தொப்பி வைத்த அம்மா எழுந்தார். "எனக்கு ஒரு கேள்வி இருக்கு" என்றுதான் ஆரம்பித்தார். 1985 மே 13. ஓசேஜ் அவென்யூவில் மூவ் என்ற கறுப்பின அமைப்பினர் இருந்த வீட்டின் மேல் போலீஸ் ஹெலிகாப்டரிலிருந்து குண்டு போட்டது. தீயை எரிய விட்டார்கள். ஐந்து குழந்தைகள் உட்பட 11 பேர் செத்தார்கள். 61 வீடுகள் போயின. இவருக்கும் அந்த அமைப்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பின்பக்கம் பைன் தெருவில் வீடு. ஒரு ராத்திரிக்குத் துணி எடுத்துக்கொண்டு வெளியே வாருங்கள், காலையில் திரும்பிவிடலாம் என்றிருக்கிறார்கள். வீட்டில் என்னென்ன இருந்தன என்று அறை அறையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். உறைபெட்டியில் வைத்திருந்த மீன். மாமனார் செய்த கட்டில். தையல் மிஷின்.

ஏழு நிமிடம் ஆகியிருந்தது. பின்னால் நாலு கைகள் காத்திருந்தன. நான் அருகில் போய், குரலைத் தாழ்த்தி, மரியாதையாகத்தான், "உங்க கேள்வி என்னம்மா?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். "கேள்வி இல்ல பேபி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அறையில் யாரும் உம் கொட்டவில்லை.

முதலாளியம்மா கல்லாவிலிருந்து நடந்து வந்து என் கையிலிருந்த மைக்கை வாங்கினார். என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. "மிஸ்" போட்டு அந்த அம்மாவின் பெயரைச் சொல்லி (அங்கே மூத்தவர்களை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, எனக்கு அது சௌகரியமாக இருந்தது), "அந்தத் தையல் மிஷின், என்ன மிஷின்?" என்று கேட்டு மைக்கை அவரிடமே நீட்டினார்.

"சிங்கர். மிதி மிஷின். எங்க அம்மாவோடது."

அதற்குப் பிறகு கை தூக்கிய நாலு பேருக்கும் கேள்வி இல்லை. ஒருவர் புகையை வேலை செய்த இடத்திலிருந்து பார்த்திருக்கிறார். ஒருவர் அப்போது பள்ளிக்கூடப் பையன். எழுத்தாளர் தன் புத்தகத்தின் பின்பக்க வெற்றுத்தாள்களில் எழுதிக்கொண்டே இருந்தார். அன்று விற்றது ஒன்பது பிரதி.

சர்ச் நாற்காலிகளை ஆளுக்கு இரண்டாகத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது பத்தரை. அந்த அம்மா மகனின் காருக்காக வாசலில் நின்றிருந்தார். மன்னிப்புக் கேட்கலாம் என்று போனேன், வாயில் வந்தது வேறு.

"எங்க வீட்லயும் ஒரு சிங்கர் உண்டு. மிதி மிஷின்தான்."

"எங்க இருக்கு இப்போ?"

"மதுரையில. அம்மா வீட்ல, மாடிப்படிக்குக் கீழ."

"ஓடுதா?"

"பெல்ட் மட்டும் மாத்தினோம். ஓடுது."

தலையாட்டினார். கார் வந்தது. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். நான் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு சர்ச்சுக்கு நடந்தேன்.