ஒரு பல் குறைச்சல்

கோவைப் பக்கம் செட்டிபாளையத்தில் இருக்கும் கரி ஸ்பீட்வே ரேஸ் தடத்தில் மூன்று சீசன் ஒரே வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேருக்கு நான் மெக்கானிக். இருவரும் பைக் ரேஸில் 165 சிசி வகுப்பு, ஒரே மாடல் வண்டி. ஒரே தார்ப்பாய் நிழல், ஒரே டூல் பாக்ஸ். சம்பளம் அவர்கள் அப்பா கொடுத்தார். யார் பக்கம் நான் என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

தம்பிக்கு எதையும் மறைக்கத் தெரியாது. "அண்ணனுக்கு இன்னிக்கு எந்த ஸ்ப்ராக்கெட்டுங்ணா?" என்று நேராகவே கேட்பான். ஸ்ப்ராக்கெட் என்பது செயின் ஓடுகிற பல்சக்கரம். அண்ணன் கேட்க மாட்டான். செயினுக்கு ஆயில் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல் தம்பி வண்டிக்குப் பின்னால் குத்தவைத்து, விரலால் பல்லை எண்ணிவிட்டுப் போவான். இதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து தம்பி ஸ்ப்ராக்கெட் மேல் திருப்பூர் பனியன் வேஸ்ட் துணியைப் போட்டு மூட ஆரம்பித்தான். அடுத்த வாரம் அண்ணன் வண்டியிலும் துணி.

பின் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் கூடினால் வளைவிலிருந்து வண்டி துள்ளிக் கிளம்பும். நேர்சாலையின் கடைசியில் மூச்சு முட்டும். குறைத்தால் நேர்மாறு. எங்கள் ஊரில் இதில் பாலக்காட்டுக் கணவாயும் சேர்ந்துகொள்ளும். ஆனி, ஆடிக் காற்று எதிர்த்து அடித்தால், நேற்று சரியாக இருந்த பல் இன்று சரிப்படாது.

சின்ன இன்ஜின்களுக்கு டோ உயிர். முன்னால் போகிறவன் காற்றைப் பிளந்து கொடுத்தால் ஒட்டி வருகிறவனுக்கு வேகம் கூடும். ரேஸில் யார் எந்த வரிசையில் நிற்பது என்று முடிவாகும் குவாலிஃபையிங்கில் மாறி மாறி இழுத்துக் கொடுங்களப்பா, இரண்டு பேருமே முன்வரிசையில் நிற்கலாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். முன்னால் போகிறவன் மற்றவனுக்கு உழைக்கிறான் என்பது அவர்கள் கணக்கு. நீ போ, நீ போ என்று பிட் வாசலில் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து முறைத்துக்கொண்டு நின்றே நேரம் போகும்.

பார்க்கிறவர்கள் எல்லாம் ஸ்பெயின் பைக் ரேசர்கள் மார்க்கேஸ் சகோதரர்களைக் காட்டி அறிவுரை சொல்வார்கள். அண்ணன் மார்க் உச்ச வகுப்பான மோட்டோஜிபி, தம்பி அலெக்ஸ் சின்ன வண்டிகளின் மோட்டோ 3 என்று 2014இல் ஒரே ஆண்டில் இரண்டு உலகப் பட்டங்கள். 2025இல் மோட்டோஜிபியிலேயே அண்ணன் முதல், தம்பி இரண்டாவது. எல்லாம் சரிதான். ஆனால் 2025இல் மார்க் டுகாட்டி கம்பெனியின் சொந்த அணி, அலெக்ஸ் கிரெசினி என்ற வேறு அணி. இருவரும் கிரெசினியிலேயே இருந்த 2024இலும் ஆளுக்கு ஒரு மெக்கானிக் குழு உண்டு. இரண்டு பேருக்கும் ஒரே ஆள் ஸ்பேனர் பிடித்திருந்தால் அந்த ஆளைத்தான் விசாரிக்க வேண்டும்.

அந்த ஞாயிறு காலை, இரவு அடித்த காற்று அடங்கியிருந்தது. ரேஸுக்கு அரை மணி நேரம் இருக்கும்போது அண்ணன் வந்து காதோடு, "ஒரு பல்லு குறைச்சுப் போட்ருங்ணா" என்றான். மாற்றினேன். சின்ன ஸ்ப்ராக்கெட் போட்டால் செயின் தொளதொளக்கும். ஆக்சிலைப் பின்னால் இழுத்து மறுபடி டைட் வைக்க வேண்டும். நட்டை இறுக்கிவிட்டு டைட் பார்க்கத் திரும்பும் நேரத்தில் தம்பி வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று கத்தினான். ஓடினேன். பிளக் ஈரம். மாற்றி முடிப்பதற்குள் வண்டிகளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

நான்காவது லேப்பில் அண்ணன் இரண்டாவது, தம்பி அவனை ஒட்டி மூன்றாவது. செயின் கழன்றது. அண்ணன் கையைத் தூக்கிக்கொண்டு ஓரம் கட்டினான். நல்லவேளை, விழவில்லை.

தம்பி இரண்டாவதாக வந்தான். இறங்கியவன் நேரே அண்ணன் வண்டியிடம் போய்க் குனிந்து பார்த்தான்.

"ஆருங்ணா டைட் வெச்சது?"

"வெக்கலப்பா. உன் பிளக்குக்கு வந்துட்டேன்."

என்னைத் திட்டுவான் என்று நினைத்தேன். அவன் முகம் அழுகிற மாதிரி ஆகிவிட்டது. "எங்கண்ணன நான் தாண்டவே இல்லீங்ளேண்ணா."

அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை. வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, ஸ்பேனரை என் கையிலிருந்து வாங்கி, ஆக்சில் நட்டைத் தளர்த்தி அவனே சரிசெய்தான். அன்று திட்டு வாங்கியிருந்தால் எனக்குத் தேவலை.

அடுத்த ரேஸில் துணிகள் அப்படியேதான் இருந்தன. ரேஸ் கிளம்பும் இடமான கிரிட்டுக்குப் போகும்முன் தம்பி வண்டியருகே அண்ணன் வந்து நின்றான். தம்பி ஸ்ப்ராக்கெட்டைத் துணியோடு ஒரு கையால் பொத்திக்கொண்டு, கீழ்ச்செயினை மட்டும் காட்டினான். அண்ணன் ஒரு விரலால் அழுத்திப் பார்த்துத் தலையாட்டினான். அப்புறம் தம்பி அண்ணன் வண்டிப் பக்கம் போனான்.