பாதாமி போகிறீர்களா? ரெண்டு ராத்திரி தங்குங்கள்

ஹம்பிக்குப் பிளான் போடுகிறவர்களின் தாளில் பெரும்பாலும் இந்த வரி இருக்கும்: 'மூணாவது நாள் பாதாமி, பட்டடக்கல், ஐஹோளே, ராத்திரி ஹொசபேட்டை திரும்பல்'. மூன்றுமே வட கர்நாடகத்தில் சாளுக்கியர் கோயில்கள் இருக்கும் ஊர்கள்; பாதாமியில் இருப்பவை பாறையைக் குடைந்து செய்த குடைவரைகள். ஹம்பிக்குப் பக்கத்து ஊரான ஹொசபேட்டையிலிருந்து பாதாமி சுமார் 140 கி.மீ. போக வரவே ஆறு மணி நேரம் சாலையில் போய்விடும். மீதி நேரத்தை மூன்று ஊருக்குப் பிரித்தால், குடைவரைக்குள் நுழையும்போது உச்சி வெயில், பட்டடக்கல்லில் இறங்கும்போது டிரைவர் அவசரப்படுத்துவார், ஐஹோளே கைவிட்டுப் போகும். பாதாமியிலேயே ரெண்டு ராத்திரி தங்கினால் இந்தப் பிரச்சினையே இல்லை.

பெங்களூரிலிருந்து கோல் கும்பஸ் எக்ஸ்பிரஸில் மாலையில் ஏறினால் மறுநாள் காலை பாதாமி. ஸ்டேஷன் ஊருக்கு வெளியே 5 கி.மீ. தள்ளி இருக்கிறது, ஆட்டோ கிடைக்கும். ரயிலில் டிக்கெட் கிடைக்காவிட்டால் ஹூப்ளி வரை போய் அங்கிருந்து பஸ். சுமார் 105 கி.மீ. அறையை பஸ் ஸ்டாண்ட் பக்கமாகவே பாருங்கள். குடைவரைகளுக்கும் ஏரிக்கும் நடந்தே போய் வரலாம், சாப்பாட்டுக்கும் அலைய வேண்டாம்.

போக ஏற்ற மாதங்கள் நவம்பர் முதல் பிப்ரவரி வரை. ஏப்ரல், மே வேண்டவே வேண்டாம். இங்கே எல்லாமே மணற்கல் பாறை. பகலெல்லாம் சூடேறி, வெயில் சாய்ந்த பிறகும் அனலடிக்கும். ஜனவரியில் ஒன்றைக் கவனியுங்கள்: கன்னட நாட்காட்டியின் புஷ்ய மாதப் பௌர்ணமியை ஒட்டி, 5 கி.மீ. தள்ளியிருக்கும் பனசங்கரி கோயிலில் பெரிய ஜாத்ரை (திருவிழா). அதைப் பார்க்கவே போகிறவர்கள் முன்கூட்டியே அறை பிடிக்க வேண்டும், மற்றவர்கள் அந்தத் தேதிகளைத் தவிர்ப்பது நல்லது.

முதல் நாள் மதியம் சாப்பிட்டு ஓய்வெடுத்துவிட்டு மூன்று மணி வாக்கில் குடைவரைகளுக்குக் கிளம்புங்கள். நான்கும் தெற்குக் குன்றின் சரிவில், வடக்குப் பார்த்து இருக்கின்றன. படி ஏறும் வழியெல்லாம் குரங்குகள். கையில் பிளாஸ்டிக் பை இருந்தால் உள்ளே தீனி இருக்கிறது என்றுதான் அவற்றின் கணக்கு. தண்ணீர் பாட்டிலைக்கூடப் பைக்குள் வைத்து ஜிப் போட்டுவிடுங்கள்.

முதல் குடைவரையின் வாசலிலேயே வலப்பக்கம் பதினெட்டுக் கை ஆடவல்லான் (நடராஜர்). இதோடு படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடும் கூட்டம் நிறைய. ஆனால் நேரம் ஒதுக்க வேண்டியது மூன்றாவது குடைவரைக்கு. முன்மண்டபத்தில் பாம்பணையில் அமர்ந்த விஷ்ணு, வராகர், நின்ற கோல நரசிம்மர், திரிவிக்ரமர், ஹரிஹரர் என்று ஆளுயரத்துக்கும் மேலே நிற்கிறார்கள். வராகருக்குப் பக்கத்து அரைத்தூணில் சாளுக்கிய மன்னன் மங்களேசனின் கல்வெட்டு. சக ஆண்டு 500, அதாவது கி.பி. 578. தேதியோடு கிடைத்திருப்பதால் மற்ற சாளுக்கியக் கோயில்களின் காலத்தைக் கணிக்கவே இது ஒரு அளவுகோல். தலையை நிமிர்த்தித் தூண் உச்சிகளில் தாங்குபலகைகளாக நிற்கும் ஆண் பெண் ஜோடிகளையும் பாருங்கள். உள்ளே இருட்டு, ஃபோன் டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் பிடித்தால் உளி வேலை தெரியும். நான்காவது சமணக் குடைவரை, சின்னது. ரெண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையே தெற்குக் கோட்டைக்கு ஏறும் படிக்கட்டு ஒன்று உண்டு. கேட் போட்டுப் பூட்டியிருக்கும்.

ஐந்து மணிக்குள் இறங்கி அகஸ்திய தீர்த்தம் என்னும் ஏரியின் கரையோடு கிழக்குக் கோடிக்கு நடந்துவிடுங்கள். அங்கிருக்கும் பூதநாதர் கோயில் மேற்கு நோக்கி ஏரியைப் பார்த்து நிற்பதால் கடைசி வெயில் முழுக்க அதன் மேல்தான் விழும்.

ரெண்டாம் நாளுக்கு ஆட்டோவோ காரோ நாள் வாடகைக்குப் பேசுங்கள். பஸ் இருக்கிறது, ஆனால் பட்டடக்கல்லுக்கும் ஐஹோளேவுக்கும் நடுவே பஸ்ஸை நம்பினால் பாதி நாள் காத்திருப்பதிலேயே போகும். பேசும்போதே இடங்களைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: பட்டடக்கல், ஐஹோளேவில் துர்க்கா கோயில் வளாகம், ராவணபாடி குடைவரை, மேகுட்டி குன்றுக் கோயில், திரும்பும்போது மகாகூடம் கோயில்கள். 'ஐஹோளே' என்று மட்டும் சொன்னால் துர்க்கா கோயில் வாசலில் விட்டுவிட்டு வேலை முடிந்தது என்பார்கள்.

தூரமான ஊருக்கு முதலில் போய்விடலாம் என்று டிரைவர் சொல்வார். ஒத்துக்கொள்ளாதீர்கள். 22 கி.மீ.யில் இருக்கும் பட்டடக்கல்தான் முதலில். அது திறந்த புல்வெளி, நிழல் குறைவு. அங்குள்ள விருபாட்சர் கோயில் கிழக்குப் பார்த்தது, காலை வெளிச்சம் முன்மண்டபத்துக்குள் வரும். ஐஹோளேவில் துர்க்கா கோயிலைச் சுற்றித் தூண் வரிசையோடு கூரை போட்ட திருச்சுற்று இருக்கிறது. உச்சி வேளையிலும் நிழலில் நின்று சிற்பம் பார்க்கலாம். இரண்டு ஊருக்கும் இடையே 14 கி.மீ. போல.

விருபாட்சர் கோயில் காஞ்சிபுரத்தோடு சம்பந்தப்பட்டது. 642இல் பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன் சாளுக்கியத் தலைநகர் வாதாபியை, அதாவது இன்றைய பாதாமியைப் பிடித்தான். சிதைந்துபோன அவன் கல்வெட்டு பாதாமிப் பாறையிலேயே இருக்கிறது. நூறாண்டு கழித்து சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்ரமாதித்தன் காஞ்சியைப் பிடித்தான். கைலாசநாதர் கோயில் செல்வத்தைக் கண்டு அதைக் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்ததாக அங்கேயே கன்னடத்தில் எழுதியும் வைத்தான். அந்த வெற்றியின் நினைவாக அரசி லோகமாதேவி எழுப்பியதுதான் இது. காஞ்சி கைலாசநாதரைப் பார்த்துவிட்டு வந்தால் மதில், நந்தி மண்டபம், விமானம் எல்லாம் பழகிய முகமாகத் தெரியும். பக்கத்திலேயே வளைந்தேறும் வடநாட்டுச் சிகரத்தோடு காடசித்தேஸ்வரர், கலகநாதர் கோயில்கள். பாபநாதர் கோயில் கொஞ்சம் தெற்கே தள்ளி இருப்பதால் பலர் விட்டுவிடுகிறார்கள். விருபாட்சரில் வழிபாடு உண்டு, செருப்பைக் கழற்ற வேண்டும். பையில் ஒரு ஜோடி சாக்ஸ் இருந்தால் கால் தப்பும்.

(வாதாபி கணபதி எங்கே என்று பாதாமியில் தேடும் தமிழர்கள் உண்டு. மரபுப்படி அவர் இப்போது இருப்பது திருச்செங்காட்டங்குடியில்.)

ஐஹோளேவில் சாப்பாட்டுக் கடை குறைவு. காலையிலேயே பாதாமியில் ஜோள (சோள) ரொட்டி, எண்ணெய்க் கத்திரிக்காய், கடலைச் சட்னி கட்டி வாங்கிக்கொள்ளுங்கள். ரொட்டி எளிதில் கெடாது. மேகுட்டிக் குன்றை வெயில் தணிந்த பிறகு ஏறலாம். மேலே புலவர் ரவிகீர்த்தியின் 634ஆம் ஆண்டுக் கல்வெட்டு. சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசி வடநாட்டு மன்னன் ஹர்ஷனை வென்றதும், பல்லவனைக் காஞ்சி மதிலுக்குள் முடக்கியதும் அதில் இருக்கிறது. எட்டே வருடத்தில் நிலைமை தலைகீழாகப் போகிறது என்பது தெரியாமல் எழுதியது!

மூன்றாம் நாள் காலை, வெயில் ஏறுமுன் வடக்குக் கோட்டை. வழி ஏரிக்கரை மியூசியத்தை ஒட்டித் தொடங்கி, இருபுறமும் செங்குத்தான பாறைக்கு நடுவே குறுகி மேலேறும். கீழ்ச் சிவாலயம், பிறகு உச்சியில் மேல் சிவாலயம். நிதானமாகப் பார்க்க ரெண்டு மணி நேரம். மேலே எதுவும் விற்பதில்லை, ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் எடுத்துப் போங்கள். மாலெகிட்டி சிவாலயத்துக்கு வழி வேறு, ஊர்ப்பக்கமிருந்து ஏற வேண்டும். மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஐஹோளே மியூசியத்துக்கும் அப்படியே. பாதாமிக் குடைவரைக்கும் துர்க்கா வளாகத்துக்கும் டிக்கெட் 25 ரூபாய், பட்டடக்கல் உலகப் பாரம்பரியச் சின்னம் என்பதால் 40. ஆன்லைனில் எடுத்தால் ஐந்து ரூபாய் குறைவு, 15 வயதுக்குள் இருப்பவர்களுக்கு டிக்கெட் வேண்டாம்.