நடைக்கு முன் ஒரு துளி இரத்தம்

சர்க்கரை நோயோடு வாழும் நான், காலணியை மாட்டுவதற்கு முன் விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் சர்க்கரை அளவு பார்ப்பதை இப்போது ஒருநாளும் தவறவிடுவதில்லை. இன்சுலின் போட்டுக்கொண்டு, அளவு பார்க்காமல் கிளம்பிய ஒரு நாளில், பாதி வழியில் கை நடுங்கி, நெற்றியில் வியர்வை குளிர்ந்து, குளுக்கோஸ் மாத்திரையின் உறையைப் பிரிக்கக்கூட விரல்கள் ஒத்துழைக்காமல் நின்றிருக்கிறேன். உழைக்கும் தசை, இன்சுலினின் உதவி அதிகமின்றியே இரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். பயிற்சியால் கிடைக்கும் இந்தப் பெரிய பலனே, இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவர்களுக்குத் தாழ்சர்க்கரையையும், அதாவது இரத்தச் சர்க்கரை மிகவும் குறைந்துபோகும் நிலையையும், கொண்டுவரக்கூடும். ஆகவே சர்க்கரை அளவு டெசிலிட்டருக்கு 90 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் 15 கிராம் மாவுச்சத்தாவது சாப்பிட்டுவிட்டே தொடங்குகிறேன். 250ஐத் தாண்டினால் கீட்டோன் (இன்சுலின் போதாதபோது உடல் கொழுப்பை எரிப்பதால் சேரும் அமிலப் பொருள்) பரிசோதனை செய்து, அது தென்பட்டால் அன்று பயிற்சியை விட்டுவிடுகிறேன். பயிற்சியால் சர்க்கரை குறையும் விளைவு 24 மணி நேரம் வரை நீடிக்கக்கூடும் என்பதால், மாலையில் கடுமையாக உழைத்த நாளில் படுக்கும் முன்பும் பார்க்க வேண்டும். பலரும் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள் என்பது என் கவலை. வாரத்துக்கு 150 நிமிட நடையுடன் இரண்டு நாள் தசைப்பயிற்சியும் தேவை. விழித்திரை பாதிப்பு உள்ளவர்கள் எடை தூக்குமுன் மருத்துவரைக் கேட்க வேண்டும். உணர்ச்சி குறைந்த பாதத்தில் கொப்புளம் வந்தால் வலி காட்டிக்கொடுக்காது என்பதால், வீடு திரும்பியதும் காலுறையைக் கழற்றி, உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் நல்ல வெளிச்சத்தில் பார்த்துவிடுகிறேன்.