தோப்பில் கிடைத்த சட்டை: கட்டுவிரியனா, கொம்பேறி மூக்கனா?

பாம்புச் சட்டையைப் பார்த்து இனம் பிரிக்கும் என் வேலைக்கு இந்த மாசம் நல்ல தீனி. பொள்ளாச்சிக்குத் தெற்கே, ஆனைமலை அடிவாரத் தோப்பில் மட்டை அடுக்கியிருந்த வேலியோரம் முழுச் சட்டை ஒன்று கிடந்தது. வால் நுனிகூடக் கிழியவில்லை. வால் இல்லாத சட்டையை வைத்துக்கொண்டு மண்டையை உடைத்துக்கொண்டவர்களுக்குத்தான் இதன் அருமை புரியும்.

அப்பாரு (தாத்தா) எட்டிப் பார்த்ததுமே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "கட்டுவிரியன் கண்ணு. கையில எடுக்காத, தீ வெச்சுப் போடு."

சட்டையில் விஷம் இருக்காது. கிருமி இருக்கலாம் என்பதால் கையுறை மாட்டிக்கொண்டேன்.

காய்ந்த சட்டையை அப்படியே பிரித்தால் நொறுங்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு ஷாம்பு விட்டு ஊறப்போட்டேன். இளகியதும் கண்ணாடித் துண்டின் மேல் போட்டு, வயிற்றுப் பக்கமாக வெட்டி, பெயின்ட் பிரஷ்ஷால் நீவி நீவி விரித்தேன். அடியில் செல்போன் டார்ச். உதட்டில் ஆரம்பித்து, பனியனைத் தலைவழியே உருவுகிற மாதிரிதான் பாம்பு சட்டையைக் கழற்றும். அதனால் உள்பக்கம் வெளியே வந்திருக்கும். கழற்றும்போது இழுபட்டு நீண்டும் போகும். சட்டையை டேப் வைத்து அளந்து "ஆறடிப் பாம்பு" என்று சொல்பவர்களை நம்பாதீர்கள்.

உடம்பின் நடுப்பகுதியில் செதில் வரிசைகளைச் சாய்வாக எண்ணினேன். வயிற்றுப் பட்டையை விட்டுவிட்டு 15. நடுமுதுகு வரிசைச் செதில்கள் பக்கத்துச் செதில்களைவிடப் பெரிசு. இங்கேதான் சிக்கல். கட்டுவிரியனுக்கும் 15 வரிசை உண்டு, அதற்கும் நடுமுதுகுச் செதில் பெரிசு. வாட்ஸ்அப்பில் சுற்றும் படங்கள் எல்லாம் "முதுகில் பெரிய செதிலா, கட்டுவிரியன்தான்" என்று அதோடு முடித்துக்கொள்கின்றன. அப்பாரு சொன்னது சரியாக இருக்குமோ என்று ஒரு நிமிஷம் எனக்கே தோன்றியது.

வாலைத் திருப்பினேன். கட்டுவிரியனுக்கு வாலடியில் ஒற்றை ஒற்றையாக முழுப் பட்டைகள் இருக்கும், 50க்குள் முடிந்துவிடும். இதிலோ கழிவுத்துளையிலிருந்து நுனிவரை நட்டநடுவே வளைந்து வளைந்து ஒரு கோடு. ஒவ்வொரு பட்டையும் இரண்டாகப் பிரிந்து ஜோடி ஜோடியாக இருந்தது, நூறைத் தாண்டியும் எண்ணிக்கை போய்க்கொண்டே இருந்தது. அவ்வளவு நீள, மெல்லிய வால் மரமேறும் பாம்புக்குத்தான் இருக்கும்.

வயிற்றுப் பட்டைகளின் இரண்டு ஓரத்திலும் ஒரு மடிப்பு, அந்த இடத்தில் சின்னதாக ஒரு வெட்டு. மரப்பட்டையின் சொரசொரப்பைப் பற்றி ஏற உதவுவது இதுதான். தலைப்பகுதியைப் பிரித்தபோது கண்ணை மூடியிருந்த கண்ணாடிச் செதில் உடையாமல் வந்தது; தலைக்கு எடுப்பான, பெரிய வட்டம். பகலில் கண்ணால் பார்த்து ஓணானையும் தவளையையும் துரத்திப் பிடிக்கும் பாம்புக்கு அப்படித்தான் இருக்கும். இரவில் நடமாடும் கட்டுவிரியனுக்குக் கண் சிறிசு.

ஆக, கொம்பேறி மூக்கன். அறிவியல் பெயர் டென்ட்ரெலாஃபிஸ் டிரிஸ்டிஸ், 1803இல் பிரெஞ்சுக்காரர் டோடன் விவரித்த இனம். விஷம் கிடையாது. ஒன்று சொல்லிவிடுகிறேன்: வாலடிச் செதில் ஜோடியாக இருந்தால் விஷமில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நல்ல பாம்புக்கும் கண்ணாடி விரியனுக்கும்கூட ஜோடிதான். இந்தச் சோதனை கட்டுவிரியனைத் தள்ளிவைக்க மட்டும்.

ஓடிப்போய், "கட்டுவிரியன் இல்லீங்க அப்பாரு, கொம்பேறி மூக்கன்" என்றேன். மனுஷர் நிம்மதி அடைவார் என்று பார்த்தால் முகம் இன்னும் இறுகிவிட்டது. "அட, அது இன்னும் மோசமாச்சே! கடிச்சுப் போட்டு, மரத்து மேல ஏறிச் சுடுகாட்டுல பொகை வருதான்னு பாக்குமாமா!" செதில், மடிப்பு, கண் என்று எதைக் காட்டியும் பலிக்கவில்லை. புகையைப் பார்த்த பாம்பை யாராவது பார்த்தார்களா என்று கேட்டதற்கு, "பெரியவங்க சொன்னா காரணம் இருக்கும்" என்று கயிற்றுக்கட்டிலில் திரும்பிப் படுத்துக்கொண்டார். எரிக்கச் சொல்வதை மட்டும் விட்டுவிட்டார்.

அடுத்தது சாளை (தோட்டத்து வீடு) ஓட்டுக்கு அடியில் சிக்கியிருந்த துண்டு. வால் இல்லை, தலையும் இல்லை. வரிசை 17, நடுமுதுகுச் செதிலும் மற்றவை அளவேதான், அதனால் கட்டுவிரியன் கணக்கில் வராது. பல்லி தின்ன ராத்திரியில் வீட்டுக்குள் வரும் ஓநாய்ப் பாம்பாக இருக்கலாம் என்பது என் சந்தேகம். இன்னும் ஊறிக்கொண்டிருக்கிறது.